அமைதி விருதும் பத்தாயிரம் வாலாவும்

இதனால் நீர்க்காத்தான்பட்டி பொதுமக்களுக்கும், அண்டை ஊர்களுக்கும், அலங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரலாறு காணாத சாதனை ஒன்று நிகழ்ந்துவிட்டது. நம் ஊருக்கு அமைதி விருது கிடைத்திருக்கிறது!

சாதனை இதுதான். கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்ட வரும் நாரைகளுக்காக, இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இந்த வருஷமும் வெடிக்கவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம். இந்தத் தீபாவளிக்கு நாரைகளே வரவில்லை.

மழை பெய்தால்தானே கண்மாயில் தண்ணீர்? தண்ணீர் இருந்தால்தானே நாரை? பூமி சூடாகச் சூடாக மழையும் காலம் தவறுகிறது என்று பள்ளியில் சொன்னார்கள். ஐப்பசியில் பெய்ய வேண்டியது, கார்த்திகைக் கடைசியில் மொத்தமாகக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் நாரைகள் வந்தன. பொங்கலுக்கு ஊரே கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது, அவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தன.

அந்தச் சமயத்தில் வந்த விருது விழாவுக்குத்தான் என்னவொரு ஏற்பாடு! கண்மாய்க் கரையில் மேடை. ஊராட்சித் தலைவர் பாண்டிராஜின் படம் பெரிதாகவும், நாரையின் படம் சிறிதாகவும் போட்ட ஃபிளெக்ஸ். சவுண்டு செட் அருண்பாண்டி கரை நெடுகப் பத்தாயிரம் வாலா சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் முத்துச்செல்வி சைக்கிளை நிறுத்தினாள்.

"அண்ணே, இது எதுக்கு?"

"விருது வாங்குறோம்ல பாப்பா! அதிகாரி கார் வந்ததும் பத்த வைக்கணும்."

"ஐயோ! நாரையெல்லாம் பயந்து பறந்துரும். காக்கா வந்து முட்டையத் தூக்கிட்டுப் போயிரும்!"

"என்னைய என்ன செய்யச் சொல்ற? தலைவர்ட்ட கேளு."

தலைவர் மேடைக்குப் பின்னால் நின்று, வேப்பமரத்திடம் தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மரம் தப்பிக்க வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, வெடி வேணாம். கூட்டுல முட்டை இருக்கு."

"தீபாவளிக்கு அம்புட்டுப் பேரும் கையக் கட்டிக்கிட்டு இருந்தோம்ல? நம்ம கட்டுப்பாடு அதோட முடிஞ்சுது தாயி."

"அப்ப நாரையே வரலயே!"

"அது நாரையோட தப்பு."

முத்துச்செல்வி கரையைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் கார் வளைவில் திரும்பியது. அருண்பாண்டி தீப்பெட்டியை எடுத்தார்.

நாரையைப் பற்றிச் சொன்னால் தலைவர் காதில் ஏறாது. இவரைப் பற்றியே சொன்னால்?

"சரி பெரியப்பா. அமைதி விருது குடுக்க வாரவங்க காதுலயே வெடி வெடிச்சா, விருதத் திரும்பக் கொண்டுபோயிர மாட்டாங்களா?"

தலைவரின் கையிலிருந்த பேச்சுத் தாள் நழுவியது.

"டேய் அருணு! நிறுத்துடா!" என்று கத்தியவர், சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பிறகு, ஓடிவந்த அருண்பாண்டியிடம் மெல்லக் கிசுகிசுத்தார். "மைக்கையும் கழட்டுடா."

"அண்ணே, அப்ப உங்க பேச்சு?"

"விருது முக்கியம்டா மாப்ள!"

முத்துச்செல்வியும் அருண்பாண்டியும் வாலாவைப் பாய்போலச் சுருட்டினார்கள். கார் வந்து நின்றபோது கரையில் ஒரு சத்தமில்லை. ஊரே கையைத் தூக்கி ஆட்டி வரவேற்றது. அதிகாரி சாருலதா அசந்துபோனார்.

"விழாவிலும் இவ்வளவு அமைதியா!"

"எங்க பரம்பரைப் பழக்கம் மேடம்" என்றார் தலைவர், குரலே எழும்பாமல்.

தலைவர் நெடுநேரம் பேசினார். முன்வரிசைக்குக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. இப்படியொரு அருமையான பேச்சு அவர் பேசியதே இல்லை என்று ஊரே பாராட்டியது. முத்துச்செல்வியை மேடைக்கு அழைத்து, கேடயத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் மரங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு நாரைகூடக் கூட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

தங்களுக்காக இப்படியொரு விழா நடந்ததே அவற்றுக்குத் தெரியாது.