நிழலூரில் வைத்த கையெழுத்து

ஜெசிந்தா அழுவதை நவநீதன் நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். ஆனால் நேரில் சந்திக்கப்போவது இன்றுதான் முதல்முறை.

தலைமன்னார்த் துறையில் கப்பலை விட்டு இறங்கியபோதே அந்த முகம் கண்முன் வந்து நின்றது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்து, பிறகு பேனாவை எடுக்கும் முகம். அது உண்மையான ஜெசிந்தாவின் முகம் அல்ல. கோயம்புத்தூரில், அவர் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியின் மூன்றாம் மாடியில், ஒரு திரைக்குள் கட்டி வைத்திருந்த நிழலூரில் வாழ்ந்த ஜெசிந்தாவின் முகம்.

நிழலூர் வந்த பிறகு வெளிநாட்டில் தொழில் தொடங்குவது சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் வருடக்கணக்கில் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். பாதிக் கம்பெனிகள் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பும். இப்போது எந்த ஊருக்குள் நுழைய வேண்டுமோ, அந்த ஊரையே திரைக்குள் எழுப்பிக்கொள்ளலாம். அங்கே வாழ்கிறவர்கள் பேசிய பேச்சு, வாங்கிய சாமான், போன இடம், தூங்காமல் கிடந்த நேரம் எல்லாவற்றையும் அள்ளியெடுத்து, ஆளுக்கொரு நிழல் மனிதரை, நிழலரை, கணினி செய்து கொடுத்துவிடும். அந்த நிழலர்களோடு பேரம் பேசிப் பார்க்கலாம். தோற்றால் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பேசலாம். பத்தாயிரம் தடவைகூடப் பேசலாம், அவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

கம்பெனி குறிவைத்தது இலங்கையில் மன்னாருக்குப் பக்கத்தில் இருந்த நானாட்டானை. அந்த ஊருக்குள் நுழைய இருந்த நான்கு வழிகளையும் ஒரே பிற்பகலில் ஓட்டிப் பார்த்தார்கள். பம்ப்செட்டை இங்கே செய்து அங்கே கொண்டுபோய் விற்றபோது, நிழலூர் வயல்களில் மோட்டார்கள் வரிசையாகக் கருகின. அங்கே எல்லாம் சூரிய மின்சாரம். மேகம் மறைத்தால் மின்சாரம் தளரும். மோட்டார் திணறிப் புகையும். உள்ளூர்க் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் அதே கதிதான். எடுத்த எடுப்பில் சொந்தத் தொழிற்சாலை போட்டால் ஊரே திரண்டு எதிர்த்தது.

நான்காவது வழிதான் பலித்தது. அந்த ஊரில் முப்பத்து நாலு பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு நடத்தினார்கள். கருகிய மோட்டார்களைப் பிரித்து மறுபடி கம்பி சுற்றிக் கொடுத்துக் கொடுத்தே, மின்சாரம் தளர்ந்தாலும் தாங்கும் ஒரு முறையை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். மேகச்சுற்று என்று அதற்குப் பெயர். கம்பெனியின் கம்பி சுற்றும் வேலையை அவர்களிடம் கொடுப்பது, இரண்டு வருடத்தில் முறையைக் கற்றுக்கொள்வது, பிறகு பக்கத்திலேயே சொந்தத் தொழிற்சாலை திறந்து அவர்களைக் கைகழுவிவிடுவது. ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு இதைத்தான் பூசி மெழுகிச் சொன்னது.

கூட்டுறவின் தலைவியான ஜெசிந்தாவின் நிழலர் ஒவ்வொரு முறையும் அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டார். படித்தார்; மறுத்தார். ஒரே ஓர் இடத்தில்தான் இளகினார். அவருடைய மகள் இத்தாலிக்குப் போய், இரண்டு வருடமாகத் தாயோடு பேச்சில்லை. எதிரே இருப்பவர், "என் மகளும் என்கிட்டப் பேசறதில்லீங்க" என்று சொன்னால், பத்தாயிரத்தில் எண்ணாயிரத்துச் சொச்சம் தடவை அவர் அழுதார். அழுதுவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"எனக்குப் பிள்ளையே இல்லீங்களே" என்று நவநீதன் சொல்லிப் பார்த்தார்.

முதலாளியின் மகன் விசாகன் சிரித்தான். "அது அவங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியப் போகுது? வசனம் நிழலூரே எழுதிக் குடுத்துருச்சு. நீங்க நின்னு சொல்லீட்டு வந்தாப் போதும்."

அன்று மாலை வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போது நவநீதன் படத்தைப் பார்க்கவில்லை. திரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பவித்ரா, "என்னங்க, மேலுக்குச் சரியில்லீங்களா?" என்று கேட்டபோது திரியைத் தூண்டிவிட்டார்.

நானாட்டான் கூட்டுறவுப் பட்டறை நீளமான தகரக் கொட்டகை. சுற்றும் பொறிகள் ரீங்காரமிட்டன. செம்புக் கம்பி பெண்களின் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே தயங்கி நின்றவரைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கோயம்புத்தூர் ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் வாசல்ல நிண்டு யோசிப்பினமோ? உள்ளுக்கு வாங்கோ. வாடகை ஒண்டும் கேக்க மாட்டம்."

அதுதான் ஜெசிந்தா. நிழலூரில் அவர் ஒருமுறைகூட வேடிக்கை பேசியதில்லை.

"அக்கா, மனுசனுக்கு முதல் தேத்தண்ணியைக் குடுங்கோ. கப்பல்ல வந்த களைப்பு முகத்தில கிடக்கு. பேப்பர் ஓடிப்போகாது" என்றாள் முதல் பொறியில் இருந்த றெஜினா.

தேநீரோடு நாலு பயற்றம் பணியாரமும் வந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜெசிந்தா தாளைத் தொடவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பதினோராம் பிரிவில் விரல் நின்றது.

"இது என்ன ஐயா? ரெண்டு வருசத்துக்குப் பிறகு எங்கட சுற்று உங்கட சுற்றாகிடும் எண்டோ எழுதியிருக்கு?"

இந்த இடம் நவநீதனுக்கு மனப்பாடம். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை தெரியும். கண்ணைத் தாழ்த்தினார். தாழ்த்துவதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

"உங்களப் பாத்தா என் மகள் ஞாபகம் வருதுங்க. அவளும் என்கிட்டப் பேசறதில்லீங்க. ரெண்டு வருசமாச்சு."

ஜெசிந்தா அழவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பிள்ளையின்ர பேர் என்ன?"

நிழலூரில் யாரும் இதைக் கேட்டதில்லை. நவநீதனிடம் வசனம் இல்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் வாயில் வந்தது, கல்யாணமான புதிதில் அவரும் பவித்ராவும் பிறக்கப்போகும் பெண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்த பெயர். பன்னிரண்டு வருட வைத்தியத்துக்குப் பிறகு இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட பெயர்.

"மகிழினிங்க."

"பிள்ளையள், ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார் ஜெசிந்தா. பொறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. "ஐயாவின்ர மகள் மகிழினிக்காக ஒரு செபம் சொல்லுவம்."

முப்பத்து நாலு பேரும் எழுந்து நின்றார்கள். செபமாலை வைத்திருந்தவர்கள் கையில் எடுத்தார்கள். நெற்றியில் நீறு பூசியிருந்த இரண்டு பெண்கள் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். இல்லாத ஒரு பெண்ணின் பெயர் அத்தனை வாய்களிலும் அன்பாக ஒலித்தது. எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும், தகப்பனை நினைக்க வேண்டும் என்று வேண்டினார்கள். நவநீதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகக் கூப்பியிருந்தது. அதைப் பிரித்துவிடலாமா என்று யோசித்தார். கூப்பிக்கொண்டு நிற்கவும் கூசியது, பிரிக்கவும் கூசியது.

செபம் முடிந்ததும் ஜெசிந்தா ஒப்பந்தத்தை உள்ளறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வரும்போது கோப்பு மூடியிருந்தது. அதன்மேல் ஒரு பழுப்பு உறை.

"உங்களுக்கு நிழலூர் வித்தவையே எங்களுக்கும் மாதிரிக்குப் பாருங்கோ எண்டு இதை அனுப்பினவை. காசு குடுத்தா மிச்சமும் தருவினமாம். இது உங்களைப் பற்றினது. எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைச்சிருங்கோ."

"படிச்சீங்களா?"

"முதல் பக்கம் மட்டும். கூட்டுறவுக் கடிதம் எண்டு நினைச்சுத் திறந்தது. பிறகு மூடிப்போட்டன். ஒரு ஆள் எங்கட வீட்டுக்கு வரமுதல் நாங்கள் அந்தாளின்ர வீட்டுக்குள்ள பூந்து பாக்கிறது சரியில்லைத்தானே."

ஓட்டுநரில்லாத் தானோடி வண்டி துறையை நோக்கிக் கிளம்பியது. நவநீதன் உறையைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பெயர், வயது, ஊர், மனைவியின் பெயர். அதற்கடுத்த வரி: பிள்ளைகள் இல்லை.

அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பெயரைக் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் பொறிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

மற்றப் பக்கங்களைச் சேர்த்து ஓரத்தில் போட்டிருந்த குத்தூசி பிரிக்கப்படவே இல்லை. நவநீதன் பிரித்தார். அவருடைய பன்னிரண்டு வருட வைத்தியமும் அதில் தேதிவாரியாக இருந்தது. இதைத் தொட்டுப் பேசினால் ஆள் நொறுங்கிப்போவார், பதினோராம் பிரிவை அவரே அடித்துவிடுவார், பத்தாயிரத்தில் ஒன்பதாயிரம் தடவை, என்று அடியில் எழுதியிருந்தது. ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். அவர் திருப்பவில்லை. ஜெசிந்தாவைப் பற்றிய நூற்றுப்பத்துப் பக்கத்தையும் நவநீதன் ஒரு வரி விடாமல் படித்திருந்தார்.

சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. விசாகன்.

"கையெழுத்து ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தார். கையெழுத்திடும் இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில்: 'பதினோராம் பிரிவு இல்லாமல் எல்லாத்துக்கும் சம்மதம். ஜெசிந்தா.' திரையில் நாற்பது தடவை பார்த்த கையெழுத்து என்பதால், நேரில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. முப்பத்து நாலு பேருக்கு முன்னால் தான் வெட்கப்பட்டு நிற்க வேண்டாமென்று ஜெசிந்தா உள்ளறைக்குப் போனதும் இப்போதுதான் புரிந்தது.

"ஆகலீங்க."

"நிழலூர்ல போட்டாங்களேண்ணா."

"அங்க போட்டாங்க. இங்க போடலீங்க. எனக்குப் பிள்ளை இல்லைன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுங்க."

விசாகன் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. "சரி, கப்பல் ஏறீராதீங்க. இதையும் சேத்து இன்னொருக்கா ஓட்டிப் பாக்கறேன். அரை மணிநேரம்."

நவநீதன் வண்டியைத் திருப்பச் சொன்னார். போய் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் இன்றைக்கு வீட்டுப் படியேற முடியாது என்று பட்டது. கொட்டகையின் தகரக் கூரை கண்ணில் பட்டபோது தொலைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அண்ணா, அருமையான சேதி. திரும்பிப் போங்க. எல்லாருக்கும் முன்னாடி உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க. அப்படிச் செஞ்சா அவங்க மனசு எளகிப் பதினோராம் பிரிவோடவே போட்டுருவாங்களாம். ஏழாயிரத்து எரநூறு தடவை."

நவநீதனுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் நெஞ்சை அரை மணிநேரமாக அறுத்துக்கொண்டிருந்த ஒரே நல்ல எண்ணத்தையும் யாரோ முன்கூட்டியே எடுத்து, விலைச்சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது. இனி அவர் உண்மை சொன்னாலும் அது தந்திரம்தான். அழுதாலும் தந்திரம்தான்.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தார். பிறகு கோப்பைத் திறந்து, பதினோராம் பிரிவின்மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கோடு போட்டார். ஓரத்தில் தன் கையெழுத்தை வைத்தார். வெளிநாட்டுப் பிரிவுத் தலைவர் என்ற முறையில் ஒப்பந்தத்தைத் திருத்தும் அதிகாரம் ஆறு வருடமாக அவரிடம் இருந்தது. நிழலூர் இருக்கும்போது அதற்கு வேலை வந்ததில்லை. பக்கத்தைப் படமெடுத்து விசாகனுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததென்று தெரிந்த பிறகுதான் வண்டியை விட்டு இறங்கினார். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ள அவரால் முடியவில்லை, பயமாகத்தான் இருந்தது.

றெஜினாதான் முதலில் கண்டாள். "அக்கா, அண்ணை திரும்பி வந்திட்டார்." அவள் முகம் மலர்ந்தது. "என்னண்ணை, மகிழினி கோல் எடுத்துக் கதைச்சவவோ?"

எல்லாப் பொறிகளும் நின்றன. அத்தனை முகத்திலும் அதே ஆவல். உள்ளறை வாசலில் நின்ற ஜெசிந்தா, சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார்.

"எனக்குப் பிள்ளை இல்லீங்க" என்றார் நவநீதன். "பொய் சொன்னனுங்க. கையெழுத்து வாங்கறதுக்காகச் சொன்னது."

றெஜினா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"இதையும் நிழலூரில ஒத்திகை பார்த்திட்டுத்தான் வந்து சொல்லுறீங்களோ அண்ணை?"

"ஆமாங்க. பாத்துட்டாங்க" என்றார். குரல் உடைந்தது, அதற்காகவும் வெட்கப்பட்டார். "இப்படி வந்து சொன்னா நீங்க எளகிருவீங்கன்னு அதுல வந்திருக்குதுங்க. அதனாலதான் அந்தப் பிரிவ முதல்லயே அடிச்சுட்டு உள்ள வந்தனுங்க. நீங்க என்னை நம்ப வேண்டாம். தாளைப் பாருங்க."

கோப்பை நீட்டினார். ஜெசிந்தா நடந்து வந்து வாங்கினார். திறக்கவில்லை, பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மகிழினி எண்டது நீங்கள் சும்மா சொன்ன பேரில்லை. சொல்லேக்க உங்கட முகத்தைப் பாத்தன்" என்றார். "இருங்கோ. வீட்டுக்காரியின்ர பேர் என்ன?"

அது முதல் பக்கத்திலேயே இருந்தது; ஜெசிந்தாவுக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். அந்தப் பெயரைச் சொல்ல நவநீதனுக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை முப்பத்து நாலு பேரும் பொறியைத் தொடாமல் காத்திருந்தார்கள்.