கடைசியாக வெளியே வருபவர்

மணிக்கூண்டு என்பது அவளுக்கு அவளுடைய மாமா வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு நல்ல பெயர் உண்டு. ஆனால், ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கின்ற பதினொரு வயதுப் பெண்ணை வேறு எப்படித்தான் அழைப்பது? அவள் இடக்கையில் எந்நேரமும் கடிகாரம் இருக்கும். குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சோப்புப் பெட்டியின் அருகே, கண்ணில் படும்படி வைத்துக்கொள்வாள்.

அவள் வந்து பிறந்ததோ, ஆடி அசைந்து புறப்படுகிற ஒரு குடும்பத்தில். அப்பாவுக்கு எதுவும் கண்ணில் படாது. தம்பிக்கு ஆறு வயது. ஒல்லியாக இருப்பான், ஓயாமல் யாரையாவது குத்திக்கொண்டே இருப்பான் என்பதால் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். அம்மாவின் தம்பியான மாமா, விடுமுறை என்றால் அழையாமலேயே வந்து சேர்ந்துகொள்வார். இவர்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு எங்கேயாவது நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மணிக்கூண்டுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

எனவே அவள் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். யாரால் எத்தனை நிமிடம் தாமதமாயிற்று என்று அதில் எழுதுவாள். அதற்கு அவள் வகுத்த விதி மிகவும் எளியது. வீட்டைவிட்டு யார் கடைசியாக வெளியே வருகிறாரோ, அவர் பெயரில் எல்லா நிமிடங்களையும் எழுதிவிட வேண்டியது. விசாரணை கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்கள் ஓர் ஏரிக்கரைக்கு வந்தார்கள். நான்கு நாள் விடுமுறை. வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு அறைகளும், ஒரு சமையலறையும், சாத்தினால் திறக்க அடம்பிடிக்கும் கதவைக் கொண்ட ஒரு குளியலறையும் இருந்தன.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் அம்மா. ஏரியின் நடுவே ஒரு தீவு. அங்கே ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும். செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தை வெட்டி, அம்மா ஓராண்டாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். தீவுக்குப் போக ஒரே ஒரு படகுதான். பறவைகளுக்குத் தொந்தரவு கூடாது என்பதால் அதுவும் நாளுக்கு ஒரு முறைதான் போகும், காலை ஒன்பது மணிக்கு.

முதல் நாள் அவர்கள் வந்து சேர்ந்ததே நண்பகலில். இரண்டாம் நாள் பதினான்கு நிமிடத் தாமதத்தில் படகைத் தவறவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்பது நிமிடத்தில்.

மூன்றாம் நாள் அவர்கள் படகுத் துறையில் மூச்சிரைக்க நின்றபோது, படகு ஏரியின் நடுவே போய்க்கொண்டிருந்தது.

“எவ்வளவு அழகா போகுது பாரு. நம்மள விட்டுட்டுப் போறதுல அதுக்கு ஒரு தனி சந்தோஷம்,” என்றார் மாமா. அவருக்கு இதில் வருத்தமே இல்லை. படகு என்றாலே அவருக்குத் தலை சுற்றும். “எனக்குத் தண்ணி டம்ளர்ல இருந்தா போதும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மணிக்கூண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். அன்றும் கடைசியாக வெளியே வந்தவர் அம்மாதான். ‘அம்மா - 9’ என்று எழுதினாள்.

குண்டூசி எட்டிப் பார்த்தான். “அக்கா, எல்லா வரியிலும் அம்மாதானா? அப்போ அம்மாதான் ஃபர்ஸ்டா?”

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்தார்.

“மொத்தம் எவ்வளவு?”

“எழுபத்தி மூணு நிமிஷம். இந்த லீவுல போன எல்லா இடத்துக்கும் சேத்து.”

“சரி,” என்று சொல்லி அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே அம்மா சொன்னார்: “நாளைக்கு மத்தியானம் ஊருக்குக் கிளம்பணும். காலையில நீங்கல்லாம் படகுக்குப் போய்ட்டு வந்துடுங்க. நான் வீட்டைப் பெருக்கி, பெட்டியெல்லாம் கட்டி வச்சிடறேன்.”

“நீ வரலையா?” என்று கேட்டார் அப்பா.

“என்னாலதானே லேட்டாகுது. நான் இல்லைன்னா நீங்க நேரத்துக்குப் போய்ச் சேருவீங்க.”

மணிக்கூண்டுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. நாளைக்குப் படகு நிச்சயம். அடுத்த நிமிடமே அந்த நிம்மதி தொண்டையில் சிக்கிய மீன் முள்ளைப் போல உறுத்தியது.

“ஒரு வருஷமா படத்தை ஒட்டி வச்சுப் பாத்தது நீதானேம்மா?”

“நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

“அதெப்படிப் போதும்?” மணிக்கூண்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. யார்மேல் எரிச்சல் என்றுதான் அவளுக்கே விளங்கவில்லை. “ஏம்மா உன்னால மட்டும் நேரத்துக்குக் கிளம்ப முடியலை? அப்படி என்னதான் பண்ணுவ?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன்,” என்றார் அம்மா. மடித்த துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கப் போய்விட்டார்.

கணக்கில் விடை தவறாக வந்தால், விடையை மட்டும் அடித்துத் திருத்திப் பயனில்லை. முதல் வரியிலிருந்து மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கூண்டுக்கு அது தெரியும். ஆகவே மறுநாள் விடியற்காலை எழுந்து, சமையலறை மூலையில் கிடந்த முக்காலியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள். அம்மா எங்கே இத்தனை நிமிடங்களைத் தொலைக்கிறார் என்று கண்டுபிடித்தே தீருவது என்று அவளுக்கு வைராக்கியம்.

முதல் வரியிலேயே அவளுக்கு அதிர்ச்சி. ஏழு மணிக்கெல்லாம் அம்மா குளித்து, நல்ல துணி உடுத்தி, தலைவாரித் தயாராக இருந்தார். அந்த வீட்டில் முதலில் தயாரானவரே அம்மாதான். காலில் செருப்பை மாட்டினால் புறப்பட்டுவிடலாம்.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “இங்க பாரு, என் கண்ணாடியைப் பாத்தியா?”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் போனார். அது ஜன்னல் விளிம்பில், அப்பாவின் மூக்குக்கு நேராக இருந்தது.

“கண்ணு எதுக்கு இருக்கு உங்களுக்கு, கண்ணாடி மாட்டிக்க மட்டுமா?” என்று கேட்டுவிட்டு அம்மா திரும்பி வந்தார். மணிக்கூண்டு எழுதிக்கொண்டாள். ஐந்து நிமிடம்.

“அக்கா, சட்டைப் பட்டன் அந்துபோச்சு.” இது மாமா.

“வேற சட்டை போட்டுக்கோடா.”

“இதுதான்க்கா எனக்கு ராசி.”

“கரையில பெஞ்சில உக்காரப் போறவனுக்கு ராசி எதுக்குடா?” என்று கேட்டாலும், அம்மா ஊசியில் நூல் கோத்துவிட்டார். ஒன்பது நிமிடம்.

குண்டூசிக்கு உள்ளே தையல் குத்தாத காலுறை வேண்டுமாம். மூன்று ஜோடிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் போட்டதையே கேட்டான். பதினொரு நிமிடம். இதற்குள் குளியலறைக் கதவு அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. அதைக் கீழே முழங்காலால் முட்டி, மேலே உள்ளங்கையால் தட்டினால்தான் திறக்கும். அந்த வித்தை அம்மாவுக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டு வந்தபோது அடுப்பில் முட்டை தீய்ந்திருந்தது. அம்மா வாணலியைத் தேய்க்கத் தொடங்கினார்.

எழுதி எழுதி மணிக்கூண்டுக்குக் கை வலித்தது. இவர்களை என்னதான் செய்வது? கை கால் நன்றாக இருக்கிற மூன்று பேர், ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டே நாளைத் தொடங்குகிறார்கள். அவள் கோபத்தோடு முக்காலியிலிருந்து எழுந்தாள்.

“அம்மா, என் தலையைப் பின்னி விடு.”

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சீப்பை எடுத்தார். இரட்டைப் பின்னல். வழக்கமாக, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கிறது என்று மணிக்கூண்டு அவிழ்க்கச் சொல்வாள்; அம்மா இரண்டாம் முறை பின்னுவார். பிறகு தண்ணீர்ப் புட்டியை நிரப்பித் தருவார். அவளுடைய செருப்பின் வாரைச் சரி செய்வார். அதற்குப் பிறகுதான் மணிக்கூண்டு, புறப்படும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக, வாசலில் போய் நிற்பாள்.

அவள் மெல்ல நோட்டில் தன் பெயரை எழுதினாள். இவை எல்லாவற்றையும் கூட்டி, எதிரே பதினாறு என்று போட்டாள். பட்டியலில் அதுதான் பெரிய எண்.

“இன்னைக்கு ஒத்தைப் பின்னல் போதும்மா. நானே போட்டுக்கறேன்.”

“உனக்குத்தான் வராதே.”

“வரலைன்னா கோணலா இருக்கட்டும். நீயும் படகுக்கு வர்ற. போய்ச் செருப்பைப் போடு.”

“வாணலி கிடக்குடி.”

“அது எங்கேயும் ஓடாதும்மா.”

அம்மாவை ஒருவழியாக வாசல் பக்கம் தள்ளிவிட்டு, மணிக்கூண்டு சமையலறை வாயிலில் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள். முதலில் வந்தவர் மாமா.

“அக்கா எங்க? என் கைக்குட்டை...”

“உங்க பையில இருக்கும். உங்க பை, உங்க கை. நடுவுல எங்கம்மா எதுக்கு மாமா?”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மணிக்கூண்டு இன்னைக்குச் சும்மா விடாது போலிருக்கே,” என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

அடுத்து அப்பா. “அம்மா எங்க, வீட்டுச் சாவி...”

“நேத்து யாரு பூட்டினது?”

“நான்தான்.”

“அப்போ யாரைக் கேக்கணும்?”

அப்பா சற்று யோசித்தார், தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். குண்டூசி, வலக்காலில் இடது ஷூவோடு வந்து நின்றான். “மாத்திப் போடு” என்றாள். அழலாமா வேண்டாமா என்று அவன் யோசித்தான். அழுது பயனில்லை என்று தெரிந்ததும் மாற்றிப் போட்டான்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாசலில் நிற்கச் சொன்னவர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார்.

“கேஸை மூடினியா?”

“மூடிட்டேன்.”

“பின்பக்க ஜன்னல்?”

“சாத்திட்டேன்.”

“துணி ஏதாவது கொடியில...”

“அம்மா, உனக்கு நிக்கவே தெரியாதா?”

“பழக்கமில்லைடி,” என்றார் அம்மா, உண்மையாகவே வெட்கப்பட்டு.

எட்டு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு அவர்கள் புறப்பட்டார்கள். கடைசியாக வெளியே வந்து கதவைப் பூட்டியவர் அப்பா. மணிக்கூண்டு நோட்டைத் திறக்கவில்லை.

எட்டு ஐம்பத்து நான்குக்குப் படகுத் துறை. மாமா கரையிலிருந்த பெஞ்சில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். மற்றவர்கள் படகில் ஏறினார்கள். முன்வரிசையில் அம்மாவும் மணிக்கூண்டும். பின்னால் அப்பாவும் குண்டூசியும். அம்மா தண்ணீரில் விரல் நுனியை நனைத்துப் பார்த்தார். “ஜில்லுனு இருக்கு,” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மடியில் பையில்லை, கையில் எதுவுமில்லை. தொலைவில் தீவின் மரங்களுக்கு மேலே கரும்புள்ளிகள் எழுந்து எழுந்து அமர்ந்துகொண்டிருந்தன.

எட்டு ஐம்பத்தெட்டு.

“அம்மா,” என்றான் குண்டூசி, “ஒண்ணுக்கு வருது.”

படகே திரும்பிப் பார்த்தது.

“வீட்டுல மூணு தடவை கேட்டேனேடா,” என்றாள் மணிக்கூண்டு.

“அப்போ வரலை. இப்போதான் வருது.”

“ஒன்பதுன்னா ஒன்பதுதாம்மா. நிறுத்தி வைக்க முடியாது,” என்றார் படகோட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி. வேறொரு நாளாக இருந்திருந்தால், மணிக்கூண்டு அவருக்குக் கை கொடுத்திருப்பாள். கழிப்பறையோ சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கும் பின்னால் இருந்தது. குண்டூசியின் பொத்தான்களையும் சேர்த்தால், போய்வர ஆறு நிமிடம் ஆகும்.

அம்மா ஏற்கெனவே எழுந்துவிட்டார். ஒரு கால், கரைக்குப் போட்டிருந்த பலகையின் மேல். “நீங்க போய்ட்டு வாங்க. நான் இவனைக் கூட்டிட்டு...”

அப்பாவும் அவசரமாக எழுந்தார். “நீ இரு, நான் போறேன்.”

“நீங்க இறங்கினாலும், மாமாகிட்ட இவனை விட்டாலும், அம்மாவும் பின்னாலேயே இறங்கிடுவாங்கப்பா. உக்காருங்க,” என்றாள் மணிக்கூண்டு.

அவள் அம்மாவின் கையைப் பிடித்துப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தாள். தம்பியை இழுத்துக்கொண்டு கரையில் குதித்தாள். கோணலாகப் போட்ட பின்னல் பாதி அவிழ்ந்து தோளில் விழுந்தது. பெஞ்சிலிருந்து மாமா எழுந்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

“உனக்கும் பறவைங்களைப் பாக்க ஆசைதானே கண்ணு?” என்று அம்மா படகிலிருந்து கேட்டார். “இனி படகு கிடையாதே.”

“தெரியும்மா.”

மணி சரியாக ஒன்பது. படகோட்டி கயிற்றில் கை வைத்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்தார். “என்ன பாப்பா, அவிழ்க்கட்டுமா?”

“அவிழ்த்துடுங்கண்ணா,” என்றாள் அவள். “நாங்க மாமாகூட கரையில இருக்கோம்.”