புத்தம் புதுக் கிழிசல்

செவ்வாய்க் கோளின் வைகை நகரில் பொழுது விடிந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, நேற்றைய உடையைக் கழிவுக்குழாயில் போடுவது. பிறகு உடையறைக்குள் கைகளை விரித்து நின்றால் போதும். சுவரிலிருந்து நெய்கூழ் என்னும் துணிக்குழம்பு மெல்லிய இழைகளாகப் பாய்ந்து, மேனியின் மேலேயே அன்றைய சேலையை நெய்து முடித்துவிடும். செவ்வாயில் பிறந்தவர்களுக்கு, ஒருமுறை உடுத்தியதை மறுபடி உடுத்துவது எச்சில் இலையில் சாப்பிடுவது மாதிரி.

பூமியில் போர் மூண்டு சரக்குக் கப்பல்கள் நின்றபோது முதலில் குறைந்தது நெய்கூழ்தான். நகருக்கு வெளியே, உறைகுளிர் வெளித்தளத்தில் வேலை பார்ப்பவர்களின் கையுறைக்கு உள்துணியும் அதிலிருந்துதான் வரவேண்டும். செண்பகவல்லியின் கணவன் திருமேனி அங்கேதான் குழாய் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஆடை மீட்பகத்தில், மறைந்துபோன உடைகளை மறுபடி உருவாக்குகிறவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் போரில் சாதாரணப் பெண்கள் எப்படி உடுத்திச் சமாளித்தார்கள் என்று செய்து காட்டினால் ஜனங்களுக்குச் சிக்கனப் புத்தி வரும் என்றார் நகர நிர்வாகி கமாலுதீன். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணவனின் கைகளை நினைத்து ஒப்புக்கொண்டாள்.

பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. துணிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், நைந்த இரண்டு சேலைகளில் தேறிய பாதிகளை வெட்டி ஒன்றாகத் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். பச்சையும் அரக்குமாக அவளும் அப்படி ஒன்று தைத்தாள். சர்க்கரை மூட்டைச் சாக்கில் ரவிக்கை. அந்த நகரத்தில் ஊசியே கிடையாது; பட்டறையில் கம்பியைத் தேய்த்து வாங்கினாள். விரலெல்லாம் குத்துப்பட்டது.

நடுக்கூடத்தில் அதைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தப் பெண்கள் இதையே துவைத்துத் துவைத்து உடுத்தினார்கள் என்று சொன்னாள். கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது. சிலர் அழுதார்கள்.

மறுநாள் காலை நடைபாதை முழுக்க இருநிறச் சேலைகள். சொன்னது பலித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். எதிர்வீட்டு ரெஜினாவின் முந்தானையை ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். தையலே இல்லை. ஒட்டு, கிழிசல், வெயிலில் வெளுத்த நிறம் எல்லாம் உடையறை நெய்தது. அதற்காக இயந்திரம் இரண்டு முழுச் சேலைகளை நெய்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் கரைத்துக் கொட்டியது. மாலையில் மிச்சமும் கழிவுக்குழாய்க்குப் போனது.

அந்த மாதம் நெய்கூழ் இருமடங்கு செலவானது. வெளித்தளத்தில் கையுறை மாற்றுவதை நிறுத்தினார்கள். திருமேனியின் விரல் நுனிகள் குளிரில் கறுத்தன. தம்ளரை உள்ளங்கைகளால் அணைத்துத்தான் குடித்தான். வலிக்கிறதா என்று கேட்டால், பழகிவிட்டது என்பான்.

அவள் கமாலுதீனிடம் போய் முறையிட்டாள். அவர் சட்டையின் முழங்கையில் அழகான ஒட்டு ஒன்று இருந்தது.

"மக்கள் மனசுல போர் பதிஞ்சிடுச்சும்மா. நாம கேட்டதும் அதைத்தானே?" என்றார்.

அவர் உண்மையாகவே பெருமைப்பட்டார். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து, துவைத்துத் துவைத்துக் கட்டிவந்த அந்த இருநிறச் சேலையிலேயே முந்தானைப் பக்கம் வெட்டி, கையுறைக்கு உள்துணி தைக்க உட்கார்ந்தாள். சேலை குட்டையாகி, தோளில் இழுத்துச் செருக வேண்டியிருந்தது.

ரெஜினா உள்ளே வந்தாள். நல்ல மனசுக்காரி. கொண்டுவந்த பொதியை மெல்ல மேசைமேல் வைத்தாள். அதற்குள் மடிப்புக் கலையாத சேலை ஒன்று, ஏழெட்டுக் கிழிசல்களோடு.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்களுக்குன்னு சொல்லி நெய்யவச்சேன். எத்தனை நாளா இதையே சுத்திக்கிட்டு இருக்கீங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்படிக் கஷ்டப்பட இது என்ன போர்க்காலமா?"

செண்பகவல்லி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, உட்காரச் சொல்லித் தலையசைத்தாள்.