பாதியில் தடுமாறிய குறுக்கெழுத்து

ஜனவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை, லூயெல்லா ஸ்ப்ரேக் வந்து கிம்ப்ரோவின் கேரவன் கதவைத் தட்டினார். அரிசோனாப் பாலைவனத்து அந்த முகாமில் எல்லோருக்கும் குளிர்காலம் முழுக்க வண்டிதான் வீடு. கிம்ப்ரோ முப்பது வருடம் தீ விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வண்டியில் இருந்த ரொசால்பா ஓச்சோவா ஒரு காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்; கிம்ப்ரோவின் உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். சத்தம் கேட்டு அவரும் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரர் ஹார்லனுக்குப் புத்தி தடுமாறுது," என்றார் லூயெல்லா. "மக சனிக்கிழமை வர்றா. ஞாபகம் தப்பினவங்களைப் பாத்துக்கற இல்லத்துல இடம் பிடிச்சிட்டா. அவரும் சரின்னு சட்டையெல்லாம் மடிச்சு வச்சிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பல."

"எப்பவும் தடுமாறுறாரா?" என்றார் கிம்ப்ரோ.

"டூசான் நகரத்துல என் தங்கச்சி வீட்டு வாசல்ல பத்து நாள் வண்டிய நிறுத்தியிருந்தோம். ஒரு குறையும் இல்ல. இங்க திரும்பினதும் மறுபடி தலைவலி, குழப்பம்."

"மாத்திரைய யாரோ மாத்தி வைக்கிறாங்க," என்றார் ரொசால்பா. "மக மேலயே எனக்குச் சந்தேகம்."

"அவ ஆயிரம் மைலுக்கு அப்பால சியாட்டில்ல இருக்கா, ரொசால்பா," என்றார் லூயெல்லா.

"அதான் இன்னும் சந்தேகம்."

கிம்ப்ரோ சிரிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஹார்லன் ஃபிரிட்ஜை ஒட்டிய இருக்கையில் அமர்ந்திருந்தார். முழங்காலில் கம்பளி, குளிருக்காக ஜன்னல்கள் மூடியிருந்தன. மேசையில் குறுக்கெழுத்துப் புத்தகம். கிம்ப்ரோ பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு புதிரிலும் மேல்பாதி அச்சுப்போல் இருந்தது; கீழே போகப் போக எழுத்து கோணியது. 'கோதுமை' வரவேண்டிய இடத்தில் 'குதிரை' என்றிருந்தது.

"எப்ப எழுத உக்காருவீங்க?"

"காலைல. லூ தையல் கூடத்துக்குப் போனதும்," என்றார் ஹார்லன் மெதுவாக. "மதியம் அவ வர்றதுக்குள்ள நான் முட்டாளாயிடறேன்."

கூரையில் ஒரு வெற்று வளையம் தெரிந்தது. அங்கே விஷவாயு எச்சரிக்கைக் கருவி இருந்ததாம். நவம்பரில் காரணமில்லாமல் அலறிக்கொண்டே இருந்ததால் கழற்றிவிட்டதாக ஹார்லன் சொன்னார்.

கிம்ப்ரோ அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஃபிரிட்ஜை அணைத்தார், வெளியே போய் கேஸ் சிலிண்டரை மூடினார், கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தார். "லூயெல்லா, இவரை இப்பவே காரில் ஏத்துங்க. மருத்துவமனைல ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கும் பாக்கணும்."

கார் போனதும் அவரும் ரொசால்பாவும் வண்டியின் பின்பக்கம் வந்தார்கள். ஃபிரிட்ஜின் முதுகுக்கு நேரே வெளிச்சுவரில் காற்றுப் புகச் சாய்தகடுகள் போட்ட சிறு கதவு இருந்தது. அதன் ஓரம் கரி படிந்திருந்தது. கிம்ப்ரோ அதைக் கழற்றினார். உள்ளே திறப்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு துணிமெத்தை இருந்தது. நீல நட்சத்திர ஒட்டுவேலை, நுணுக்கமான தையல்.

ரொசால்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தத் தையல் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "அவங்ககிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

"அதுதான் எனக்கும் தெரியல."

சனிக்கிழமை மகள் மேவிஸ் வந்தாள். வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் ஐந்து பேரும் வெயிலில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் சிகிச்சையில் ஹார்லனின் கண்கள் தெளிந்திருந்தன.

"டூசான்லதான் விடை இருந்துச்சு," என்றார் கிம்ப்ரோ. "அங்க வீட்டு மின்சாரத்துல ஃபிரிட்ஜ் ஓடிச்சு. இங்க மின்சாரம் கிடையாது, கேஸ்ல ஓடுது. கேஸ்னா பின்னாடி சின்னதா ஒரு சுடர் எரியும். கீழ்த் திறப்பு வழியா அதுக்குக் காத்து வரணும், கூரைத் திறப்பு வழியா புகை போகணும். கீழ அடைபட்டிருந்தது. மூச்சு முட்டின சுடர் விஷவாயுவைக் கக்குச்சு."

"பின்னாடி எரியறது உள்ள எப்படி வரும்?" என்றாள் மேவிஸ்.

"ஃபிரிட்ஜ் பெட்டிக்கும் அறைக்கும் நடுவுல பொட்டு இடைவெளிகூட இருக்கக் கூடாது. இங்க அடியில விரலளவு சந்து. அது வழியாத்தான் உங்கப்பா கால்ல குளிர்காத்து அடிச்சிருக்கு. காத்து வர்ற வழில விஷமும் வரும். சந்தை அடைச்சிருக்கணும். யாரோ தெரியாம திறப்பை அடைச்சிட்டாங்க. அலாரம் பொய் சொல்லல, பாவம். லூயெல்லா ராத்திரி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுதான் படுப்பாங்க, பகல்ல இருக்க மாட்டாங்க. அதான் தப்பிச்சாங்க."

"யாரோ இல்ல," என்றார் லூயெல்லா. "நான்தான். முழங்கால் வலிக்குதுன்னாரே. குளிர்காத்து வராம இருக்க மெத்தை தச்சு அடைச்சேன். என் கையாலயே..."

ஹார்லன் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கால் வலி நின்னுச்சு, லூ. அதையும் சொல்லணும்ல."

"சிரிக்காதீங்க ஹார்லன். கொன்னிருப்பேன்."

"அலாரத்தைக் கழட்டினது நான். பாதிப் பழி எனக்கும் குடு."

ரொசால்பா மூக்கைச் சிந்தினார். திறப்பைச் சுத்தம் செய்து சந்தை அடைத்தாகிவிட்டது என்றும், கேஸ் மெக்கானிக் திங்கட்கிழமை வந்து சோதித்துச் சரி என்று சொல்லும்வரை ஃபிரிட்ஜைத் தொடக்கூடாது என்றும் கிம்ப்ரோ சொன்னார். புது அலாரம் கூரையில் ஏறியிருந்தது.

அப்போது ஹார்லன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "ஞாபகம் இருக்கான்னு தினமும் காலைல இதைப் பாக்காம சொல்லிப் பாப்பேன். இனிமே வேண்டாம்." கிழிக்கப் போன கையை லூயெல்லா பிடித்துத் தாளை வாங்கினார். ஹார்லனின் பெயர், கல்யாண நாள், மேவிஸ் பிறந்த ஊர் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், 'லூ பயந்துவிடுவாள். அவளிடம் காட்டாதே' என்றிருந்தது.

லூயெல்லா அதைத் திரும்பவும் மடித்து, யாருக்கும் கொடுக்காமல் கைக்குள் வைத்துக்கொண்டார். மேவிஸ் எழுந்து கள்ளிச்செடி வரை தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்தாள்.

"அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள். "எங்கப்பா வரல."