ரேட் போர்டு மாற்றுகிறவர்

விலை பொருந்தவில்லை. மத்தியானம் ஒன்றரை மணியிலிருந்து இளம்பரிதி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். டிவியில் ஒரு பழைய படத்தை நிறுத்தி வைத்திருந்தான். யாருக்கும் பெயர் ஞாபகம் இல்லாத படம். கதாநாயகன் சாலையோரம் மண்டியிட்டு, வாயைத் திறந்து அழுதபடி அப்படியே நின்றுபோயிருந்தான். பாவம், அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாக ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. அதன் வாசலில் ரேட் போர்டு. அதில் 31.48 என்று இருந்தது.

சுடர்விழிக்கு இந்தக் கூத்து புதிதில்லை. இளம்பரிதி அவள் கணவரின் தம்பி. படம் பார்ப்பான், ஆனால் கதைக்காக இல்லை. பின்னால் எங்காவது பெட்ரோல் பங்க் வருகிறதா, போர்டில் என்ன விலை என்று பார்ப்பான். அதை வைத்து அந்தக் காட்சியை எந்த மாதம், எந்த ஊரில் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பான். இதற்கென்று ஒரு வாட்ஸப் குழு வேறு. நாற்பது பேர், நாற்பது பேருக்கும் வேறு வேலை இல்லை. கதாநாயகி மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருப்பாள், இவன் மூலையில் இருக்கும் பங்க்கைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் எல்லோரும் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள்.

இன்று அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. குழுவில் எல்லோரும் சென்னை என்கிறார்களாம். அந்தச் சமயத்தில் சென்னையில் விலை இதைவிடக் கூட. தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவதே புதுச்சேரியில் விலை குறைவு என்பதால்தானே. இது புதுச்சேரி விலைதான், அதிலும் இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் பதினைந்து நாள் மட்டும் இருந்த விலை என்றான். பங்க்குக்குப் பின்னால் தென்னை, அதற்குப் பின்னால் கடல். வடக்கு எல்லையில், கனகசெட்டிக்குளத்துப் பங்க்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பங்க்கில்தான் அவள் கணவர் செம்மல் வேலை பார்த்தார். விலை மாறுகிற நாளில் ஏணி போட்டு ஏறி, பழைய எண் தகடுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டுவது அவர் பொறுப்பு. அந்த ஜனவரிக்கு முந்தைய நவம்பரில் ஒரு காலை அப்படி மாட்டிவிட்டு சைக்கிளில் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. சைக்கிள் பிள்ளைச்சாவடி கடற்கரை மணலில் கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத உடல் என்று கோரிமேட்டுப் பிணவறைக்கு மூன்று முறை அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் போய்ப் பார்த்தாள், மூன்றும் யாரோ. மூன்றாம் முறை பஸ்ஸில் திரும்பும்போது உள்ளே ஏதோ மரத்துப்போனது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. அது இன்னும் சரியாகவில்லை.

திரையில், அந்தப் போர்டின் மேல் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் உச்சிப் படியில் ஒருவர் முதுகு காட்டி நின்றார். நீலச் சட்டை. செம்மலைப் போலவே சட்டையின் இடது கையை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார்.

"அண்ணி, காணாமப் போயி ரெண்டு மாசம் கழிச்சு எடுத்த சீனு இது," என்றான் இளம்பரிதி மெல்ல. "அண்ணன் அப்ப உயிரோட இருந்திருக்காரு."

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். மேசையில் மகள் தாமரைச்செல்வியின் கல்யாணப் பத்திரிகை இருந்தது, பிழை பார்க்க அச்சகத்தில் கொடுத்த தாள். அதில் 'அமரர் செம்மல் – சுடர்விழி' என்று இருந்தது. அமரர் என்றால் கல்யாணத்துக்கு முன் கருமாதி செய்ய வேண்டும், அவள் தாலியைக் கழற்ற வேண்டும், மேடைக்கு ஏறாமல் பந்தலில் ஓரமாக உட்கார வேண்டும். 'திரு' என்றால் எதுவும் வேண்டாம். எதுவானாலும் சரி, ஒன்றைப் போடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் தன்மையாகத்தான் சொன்னார்கள். போன வாரம் அவள் அமரர் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழுகைகூட வரவில்லை.

அச்சகம் நாலு மணிக்குத் திறக்கும், திறந்ததும் மிஷினில் ஏற்றிவிடுவார்கள், அதற்குள் போய் நிறுத்தி வைக்கிறேன், நீங்கள் யோசித்து வையுங்கள், போன் பண்ணுகிறேன் என்று இளம்பரிதி வண்டியை எடுத்தான்.

அவன் போனதும் வீடு அடங்கியது. ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும் ஊர். முதலியார்பேட்டையின் அந்தத் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை, ஒரு நாய் நடக்கவில்லை, வெயில் மட்டும் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்த தாமரைச்செல்வி உள்ளறையில் தூங்கினாள். மத்தியானம் பொரித்த மீனின் வாடையும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை போடும் டிக் என்ற சத்தமும் கூடத்தில் தங்கியிருந்தன. சுடர்விழி ரிமோட்டை எடுத்து, காட்சியைப் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். பதினொரு விநாடி. கதாநாயகன் அழுதான். பின்னால் ஏணியில் இருந்தவர் கையை உயர்த்தி ஒரு தகட்டை மாட்டினார்.

உயிரோடு இருந்துகொண்டா வராமல் போனார் என்று நினைத்தாள். கோபம் வர வேண்டும். வரவில்லை.

மறுபடி ஓடவிட்டாள். போர்டில் 51 என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். 51தான். தகடுகள் வெயிலில் மின்னின. அந்த விலை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதன்முதலாக மொபெட் வாங்கி, தட்டுத் தடுமாறி ஓட்டிப்போய், பெட்ரோல் போட்டபோது இருந்த விலை. அவர் போய் எட்டு வருடம் கழித்து. படம் எடுத்து முடித்து எல்லோரும் மறந்தும் போன பிறகு. ஏணியில் இருந்தவர் ஒரு படி கீழே இறங்கியிருந்தார்.

இன்னொரு முறை. 66. 'தானே' புயல் அடித்து ஊரே இருட்டிக் கிடந்த வருடம், பங்க்கில் வரிசையில் நின்ற விலை. இன்னும் ஒரு படி கீழே. சட்டையின் நீலம் வெளுத்திருந்தது.

இன்னொரு முறை. 71. கொரோனா. இன்னும் இரண்டு படி.

நிறுத்தியிருக்கலாம். மகளை எழுப்பியிருக்கலாம். அவள் கை தானாகப் பின்னால் தள்ளி, தானாக ஓடவிட்டது.

96.32.

இன்று காலை அவள் பெட்ரோல் போட்ட விலை. பைசா மாறவில்லை.

ஏணியின் கடைசிப் படியில் அவர் நின்றார். முதுகு காட்டி. ஒரு கால் தரையைத் தொட்டிருந்தது.

போன் அடித்தது.

"அண்ணி, தொறந்துட்டாங்க. என்ன போடட்டும்?"

"திருன்னு போடு."

"நல்லா யோசிச்சீங்களா அண்ணி?"

"இன்னைக்கி ரேட்ட மாட்டியிருக்காரு தம்பி. இன்னைக்கி இருக்காரு."

என்ன சொல்கிறீர்கள் என்று அவன் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறை. சந்தோஷம்தான் என்று நினைத்தாள். ரிமோட்டை அழுத்தினாள்.

ஏணி காலியாக இருந்தது.

கதாநாயகன் அழுதான். போர்டில் 96.32. பங்க்கில் யாரும் இல்லை.

கூடத்தில் பெட்ரோல் வாசனை வந்தது. மெல்லியதாக. பிறகு அடர்த்தியாக.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. விலை ஏறியது. சட்டை வெளுத்தது. ஆனால் அந்தப் பிடரி முடி. கடைசிவரை கருகருவென்று இருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு நரைக்கும். அவளுக்கே பாதித் தலை நரைத்துவிட்டது.

உள்ளே சந்தோஷம் என்று நினைத்தது பயம்.

தாமரைச்செல்வி எழுந்து வந்தாள். மஞ்சள் சுடிதார், தோளில் நீளப் பின்னல், கண்ணில் தூக்கம். துணி காய்ந்திருக்கும், எடுத்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தபடி வாசலுக்குப் போனாள். சுடர்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, கேட்டாண்ட யாரோ நிக்கிறாரு. அந்தப் பக்கம் திரும்பிக்கினு."

போகாதே என்று சொல்ல வேண்டும். நாக்கு மரத்திருந்தது. கால் மரத்திருந்தது.

"சட்டையெல்லாம் ஈரம். கூப்புட்டா திரும்பல. பாவமா இருக்கும்மா. இரு, முன்னால போயி யாருன்னு பாக்கறேன்."

கேட்டின் தாழ்ப்பாள் சத்தம்.

பிறகு எதுவும் இல்லை. விசிறி. டிக். டிக்.

சுடர்விழி எழுந்தபோது ஜன்னல் நிழல் சுவரைத் தொட்டிருந்தது. வாசலுக்கு வந்தாள். கேட் திறந்திருந்தது. பாதித் துணி கொடியில். பாதி தரையில். தெருவில் யாரும் இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கேட்டுக்கு அருகே ஒரு கை அளவு கடல் மணல், ஈரமாக. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் கதவுகூடத் திறக்கவில்லை.

உள்ளே வந்தாள். டிவியில் காட்சி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

கதாநாயகன். அழுகை. பங்க். ஏணியின் உச்சியில் அவர், முதுகு காட்டி. கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு பெண், முதுகு காட்டி. மஞ்சள் சுடிதார்.

போர்டில் 114.10.

புதுச்சேரியில் எந்தப் பங்க்கிலும் இன்னும் வராத விலை.

ரிமோட்டை அழுத்தினாள். நிற்கவில்லை. பதினொரு விநாடி முடிந்து மறுபடி தொடங்கியது. 121.70. அணைத்தாள். அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி நின்றது. படம் நிற்கவில்லை.

போன் அடித்தது. இளம்பரிதி. பத்திரிகை ஓட ஆரம்பித்துவிட்டது என்று சொல்வதற்காக இருக்கும். எடுக்கவில்லை.

148.25. மஞ்சள் வெளுத்திருந்தது.

சுடர்விழி திரைக்கு அருகே போய் மண்டியிட்டாள். விரலால் தொட்டாள். அந்தப் பெண் திரும்பவில்லை. ஏணியை இறுகப் பிடித்திருந்தாள். மேலே அவர் கையை நீட்டி அடுத்த தகட்டை மாட்டினார், அவர் பிடரி கருகருவென்றிருந்தது. கீழே மகளின் நீளப் பின்னல், மேலிருந்து பாதிவரை, நரைத்திருந்தது.