சிவப்பு மையில் ஒரு பதிவெண்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பல்கலைக்கழக ஜீப் எழிலைத் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டுப் போனது. கையில் விடைத்தாள் கட்டு. தேர்வுப் பிரிவில் ஏழு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்கும் பட்டியலில் இப்போதுதான் பெயர் ஏறியிருந்தது. இந்த ஒரு தேர்வு வில்லங்கம் இல்லாமல் முடிந்தால் ஆர்டர் கைக்கு வந்துவிடும்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் பல்கலைக்கழகம் பிறந்தது சிவகாசியின் இந்தப் பழைய பேப்பர் குடோனில்தான். மூன்று அறை, வாடகை பெஞ்சுகள். பகலில் பட்டாசு ஒட்டி, ராத்திரியில் அஞ்சல்வழிப் பாடம் படித்த சனங்கள் கட்டிய ஃபீஸில் அது மளமளவென்று வளர்ந்தது. இன்று நாலுவழிச்சாலை ஓரம் முந்நூறு ஏக்கர், வாசலில் நீரூற்று. பொன்விழா மலரில் துணைவேந்தர்கள் எல்லோருக்கும் போட்டோ உண்டு. பட்டாசு ஒட்டியவர்களுக்கு ஒரு வரி கிடையாது. குடோனை மட்டும் தேர்வு நாளில் திறந்து மூடுகிறார்கள்.

பொன்விழாச் சலுகையாக, தொடங்கிய நாள்முதல் அரியர் வைத்த எல்லோருக்கும் கடைசி வாய்ப்பு என்று அறிவித்தார்கள். விண்ணப்பம்கூட வேண்டாம், ஹால் டிக்கெட் வீடு தேடி வரும். அனுப்பும் வேலை எழிலுக்கு. பழைய பதிவேட்டு எண்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, இருக்கிறவர் யார், போய்ச் சேர்ந்தவர் யார் என்று பார்க்காமல் மொத்தமாக அச்சடித்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ‘காலமானார்’ என்று தபால்காரர் எழுதிய உறைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன.

போய்ச் சேர்ந்த ஒருவரின் உறை மட்டும் திரும்பி வரவில்லை. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

வாட்ச்மேன் ஊர்க்காவலன் கதவைத் திறந்துவிட்டார். இந்தக் கட்டடத்திலேயே தலை நரைத்த மனிதர்.

“சாப்பிட்டீகளா தாயி?”

“ஆச்சுண்ணே. பத்தரைக்கு கேட்டை சாத்திருங்க. அப்புறம் யார் வந்தாலும் விடக்கூடாது.”

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார்.

திரும்பி வந்த உறைகள் போக, இந்த மையத்தில் நாற்பத்தொரு பேர் கணக்கு. நாற்பத்தொரு இடத்திலும் விடைத்தாளை வைத்தாள். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். லாரி ஓனர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்த அம்மாக்கள், மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த அச்சாபீஸ் முதலாளி.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. அரைமணி நேரம் கழிந்தால் வராதவர்களுக்கு ஆப்சென்ட் போட வேண்டும். பத்தரைக்கு எழில் சிவப்புப் பேனாவைத் திறந்து பத்தொன்பது பேருக்கும் போட்டாள். கடைசி எண் 0418. இருளம்மாள், அச்சங்குளம்.

பத்து நாற்பதுக்கு ஊர்க்காவலன் வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

“தாயி, கேட்ட தட்டுறாக.”

“யாரு?”

“ஒரு பொம்பள. கீள் இடுக்கு வழியா ஹால் டிக்கெட்ட நீட்டுது.” குரல் இறங்கியது. “திறக்கட்டுமா?”

எழில் பதிவேட்டைப் பார்த்தாள். சிவப்பு மை காய்ந்திருந்தது. அடித்துத் திருத்தினால் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் விசாரணை. பட்டியலிலிருந்து பெயரைத் தூக்க அது ஒன்று போதாதா?

“ரூல் ரூல்தாண்ணே. திறக்காதீக.”

தட்டும் சத்தம் நின்றது.

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்தாள், ஜன்னலை மூடினாள், திரும்பவும் திறந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியது. பன்னிரண்டேகாலுக்கு மின்விசிறி நின்றுபோனது. எங்கிருந்தோ கந்தக வாடை வந்தது. விடுமுறை நாள், பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியும் கிடையாது. ஆனாலும் வாடை அடர்ந்துகொண்டே போனது.

எழிலுக்கு அது பழகிய வாடை. வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலையில் இருந்ததும் இதுதான்.

கடைசி பெஞ்சில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அங்கே யாரும் இல்லை.

சரக், சரக். அவசர அவசரமாக, நேரம் போதாதவர்கள் எழுதுவதுபோல.

எழுதிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரும் தலை நிமிரவில்லை. எழில் பயந்துபோனாள். தேர்வு முடியும்வரை அந்தப் பக்கம் அவள் போகவில்லை.

மணி ஒன்று அடித்ததும் விடைத்தாள்களை வாங்கி எண்ணினாள். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாம் முறையும் அதே கணக்கு. எழுதாமல் மிஞ்ச வேண்டியது பத்தொன்பது, மிஞ்சியது பதினெட்டு.

அடியில் இருந்தது 0418. மூன்று பக்கம் நிறைய எழுத்து. ஓரமெல்லாம் வெள்ளி நிறத்தில் விரல் ரேகைகள், பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவர்கள் கையில் ஒட்டுமே, அந்த அலுமினியப் பொடி. நாலாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. அந்த இடத்தில் தாள் கருகியிருந்தது.

எல்லோரும் போனபின் ஊர்க்காவலன் சுவரோரம் குந்தி உட்கார்ந்தார்.

“இருளம்மா பரீச்சைக்கு வந்து இருவத்திரெண்டு வருசம் ஆச்சு தாயி. தீவாளி சீசன். லோடு ஏத்திட்டுப் போன்னு கம்பெனியில நிறுத்திட்டாக. ஓடியாந்து நிக்கிதப்ப பத்து நாப்பது. ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி, பாஸானா டீச்சர் வேலைக்குப் படிக்கப் போயிருவேன்னு கும்புட்டுச்சு. நான்தான் கேட்ட சாத்துனவன். அளுதுகிட்டே திரும்ப வேலைக்குப் போச்சு. பன்னிரெண்டேகாலுக்கு கம்பெனி வெடிச்சிருச்சு.” அவர் கண்ணைத் துடைத்தார். “அந்த ஆப்சென்ட்ட அடிச்சிட்டு, வந்துச்சுன்னு மட்டும் எளுதிருங்க. அதுக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

எழில் பதிவேட்டைத் திறந்தாள். பேனாவை எடுக்கத்தான் செய்தாள். ஏழு வருடம் கண்முன்னே நின்றது. பேனாவை மூடினாள். 0418-ஐத் தன் பைக்குள் வைத்தாள். மிஞ்சிய தாள் கணக்கில், ஒன்று கிழிந்து வீணானது என்று எழுதினாள்.

சாயங்காலம் வீட்டு அடுப்பில் அதைப் போட்டபோது பூவாணம்போல் வெள்ளையாகச் சீறி எரிந்தது. வலது கட்டைவிரலில் வெள்ளிப்பொடி ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டாள், மண்ணெண்ணெய் தேய்த்தாள், சீயக்காய் தேய்த்தாள். போகவில்லை.

பதினைந்தாம் நாள் ஆர்டர் வந்தது. சக ஊழியர்கள் லட்டுக் கேட்டார்கள். நிர்வாகக் கட்டடத்தின் வாசலில், நிரந்தர ஊழியர்களுக்கான வருகைப் பதிவு இயந்திரத்தில், எழில் முதல்முறையாகக் கட்டைவிரலை வைத்தாள்.

இயந்திரம் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

0418. இருளம்மாள். வருகை பதிவானது.

கையை உதறினாள், துடைத்தாள், இடது விரலை வைத்தாள். மறுநாள் வைத்தாள். மாதம் முழுக்க வைத்தாள், அதே பெயர்தான் வந்தது.

மாதக் கடைசியில் வருகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எழில் என்ற பெயருக்கு நேராக, அவள் வந்த நாளெல்லாம் சிவப்பு மையில், ஆப்சென்ட்.

அது அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது.