மதாமுக்கு மூன்றாவது குழாய் ஒழுகுகிறது

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள்தானே? புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிடும், தெருவில் நாய்கூடப் படுத்துவிடும் பாருங்கள், அந்த நேரத்தில் நடந்த சமாச்சாரம் இது. பட்டப்பகல்.

மூடிப்போன ஒரு மில் வளாகத்துக்குள் சின்ன நீராவி ரயில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் பஞ்சுப் பொதி இழுத்த பிரெஞ்சு எஞ்சினைச் சரிபண்ணி, இப்போது மாலை நாலு மணிக்கு டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றி வருகிறார்கள். எல்லோரும் அதைப் பிரெஞ்சு மரியாதையில் மதாம் என்பார்கள். மதாமுக்கு மூன்றாவது குழாய் ஓயாமல் ஒழுகும். தினமும் மதியம் பாய்லர் தண்ணீரை இறக்கிவிட்டு, யாராவது நெருப்பறைக்குள் ஊர்ந்துபோய் அந்தக் குழாயின் வாயை இறுக்கிவிட்டு வர வேண்டும். அடுப்புக் கதவோ அத்தனை சின்னது. அதற்குள் நுழையக்கூடிய உடம்பு அந்த எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டர் பூவிழிக்கு மட்டும்தான்.

அன்றைக்குப் பூவிழி உள்ளே போய்க் கை விளக்கைத் தூக்கிப் பார்த்தபோது, மூன்றாவது குழாய் ஏற்கெனவே இறுக்கப்பட்டிருந்தது.

இரும்பு புதிதாக மினுங்கியது. பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. வேலை முடிந்தால் அவள் போடுகிற அடையாளம் அது. நேற்று போட்டதென்றால் நேற்றைய நெருப்பில் எரிந்துபோயிருக்கும். இன்றைக்கு அவள் இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை.

தூக்கம் கெட்ட மூளை இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாலு மாதக் குழந்தை ஊருக்குள்ளேயே, கதிர்காமம் பக்கம் அவள் அம்மாவிடம் இருந்தது. மூன்று மணிக்குள் போய்ப் பால் கொடுக்க வேண்டும்; புட்டியை அது தொடாது, மூச்சுப் பிடித்துக்கொள்ளும்வரை அழும். இப்போதே மார்பு கட்டிக்கொண்டு வலித்தது.

முட்டிபோட்டால் தலை இடிக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள், ஈரக் கரியும் துருவும் பழைய எண்ணெயும் கலந்து எப்போதும் அடிக்கும் வாசனைக்கு அடியிலிருந்து, இன்று வேறொன்று மெல்ல மேலே வந்தது. எங்கிருந்து என்று தேடிக் குனிந்து, சாம்பல் படிந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோன பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது. பொங்கி வழிந்து, அடுப்பில் தீய்ந்துபோன பால்.

அப்போது சுவருக்குள் தண்ணீர் சலசலத்தது. வெளியே பம்பு ஓடியது. நெருப்பறையைச் சுற்றிலும் பாய்லர் தண்ணீர்தான் நிற்கும்; அது அவள் முதுகுக்குப் பின்னால் கணுக்கால் உயரத்திலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏறிக்கொண்டிருப்பதை, குளிர்ந்துகொண்டே வந்த இரும்பு அவள் தோலுக்குச் சொன்னது.

“பக்கிரி அண்ணே, நான் இன்னும் வெளிய வரல. தண்ணிய நிறுத்துங்க.”

அடுப்புக்கு விறகு போடுகிற பக்கிரிக்கு நல்ல காது. ஆனாலும் பம்பு நிற்கவில்லை. விளக்கின் ஒயர் ஒரு தடவை துடித்தது. பிறகு விளக்கு அவள் கையிலிருந்து நழுவி, சாம்பலில் உருண்டு, கதவு வழியாக வெளியே போய்விட்டது. யாரோ ஒயரைச் சுருட்டினார்கள்.

வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு ஊர்ந்தாள்.

“என்னா பூவி, மூஞ்சிய கழுவிக்கினு போ. கொழந்த உன்னப் பாத்துட்டு பூச்சாண்டின்னு கத்தப் போவுது,” என்றார் பக்கிரி வெளியே.

“கத்தாதுண்ணே. அதுக்கு என் வாசன தெரியும்.”

சொன்னது பூவிழியின் குரல்.

அவள் கை எட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். உள்ளே போய் வந்தவர்தான் தன் கையால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தன்னை உள்ளே வைத்துத் தானே கொளுத்திக்கொள்கிற ஆள் எங்கேயாவது உண்டா என்று கேட்பார் டிரைவர் எதுவார். எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா; பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஒழுங்கில் கறார். இருட்டில் பூவிழி அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போகாமல் தீ வராது. வராது.

“சரிம்மா பூவிழி, நீயே பத்த வை,” என்றார் எதுவார்.

“இதோ முசே.”

கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை கிழிந்தது. சத்தம் வரவில்லை. குரல்தான் வெளியே இருக்கிறதே.

கதவைத் தடவினாள். உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஸ்பானரை ஓங்கி அடித்தாள். அது ஒரு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபடி அடித்தாள். அடுத்த பள்ளம்.

“உள்ள என்னமோ தட்டுதே?”

“பச்சத் தண்ணி ஏறுதுல்ல முசே, இரும்பு முறுக்கிக்கும். நேத்தும் தட்டுச்சே.”

“ஆமாமா. நேத்தும் தட்டுச்சு.”

மண்ணெண்ணெய் வாசனை. தீக்குச்சி உரசல். அணைந்தது. இன்னொன்று.

கதவு ஒரு சாண் திறந்தது.

அவள் முகம். கரி பூசி, கண்ணடியில் தூக்கமில்லாத கருப்போடு, அவளுடைய சொந்த முகம். சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அது கதவோடு ஒட்டிக்கொண்டு, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி பேசியது.

“நேத்து நானும் இப்படித்தான் தட்டினேன். நீ பத்த வச்சிட்டு, போயி என் புள்ளைக்குப் பால் குடுத்த.”

பூவிழி இரண்டு கைகளையும் கூப்பினாள்.

அந்த முகம் கூப்பிய கைகளைப் பார்த்தது. பிறகு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, பதமாக, எரியும் துணியை உள்ளே நீட்டியது. பின்னாலேயே விறகு வந்தது. நல்லாய்க் காய்ந்த சவுக்காகப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பக்கிரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூடிய கதவுக்கு வெளியே உங்கள் குரலே பேசுவதை நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். எழுத யார் மிச்சமிருந்தாலும் சரி.